கைப்பிடி அரிசியின் கணக்கு

அம்மா இறந்து ஒரு மாதம் கழித்து அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். இரண்டு வெள்ளைச் சேலைகள், ஓரம் கிழிந்த வேதாகமம், பாட்டுப் புத்தகம், காலாவதியான ரேஷன் கார்டு. அவற்றின் அடியில் நூல் போட்டுக் கட்டிய ஒன்பது நோட்டுகள். முதல் நோட்டு 1983இல் தொடங்குகிறது. எங்கள் சபையின் பெண்கள் சங்கத்துக்கு அம்மா முப்பது வருடத்துக்கு மேல் பொருளாளர். அந்த நோட்டுகள் முழுவதும் கைப்பிடி அரிசிக் கணக்கு.

தென்மாவட்டச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக ஓர் ஓலைப்பெட்டியில் போட வேண்டும். மாதம் ஒருமுறை பெண்கள் சங்கத்தார் வீடு வீடாக வந்து அதை வாங்கிக்கொண்டு போவார்கள். எல்லார் வீட்டு அரிசியும் ஒன்றாகிவிடும். பொன்னி, ரேஷன் புழுங்கல், பச்சரிசி எல்லாம் கலந்துவிட்டால் ஒரு பதத்தில் வேகாது. அதனால் கலப்பரிசி மலிவாகத்தான் விலைபோகும். கோழித் தீவனத்துக்கு வாங்குவார்கள். மாவுக்கு அரைக்க வாங்குவார்கள். அந்தப் பணம் சபைக்குப் போகும்.

இது நன்கொடை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். நன்கொடை கொடுப்பவர் தன் வருமானத்திலிருந்து கொடுக்கிறார். கைப்பிடி அரிசி, வருமானம் என்று ஒன்று இல்லாதவளிடமிருந்து வாங்குவதற்காகக் கண்டுபிடிக்கப்பட்ட வழி. அளந்து போட்ட உலையில் ஒரு கைப்பிடி குறைந்தால் யாருடைய தட்டில் குறையும் என்று எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் யார் தட்டில் குறைந்தது என்று எனக்குத் தெரியும்.

சபைக்கு ஒரு காலண்டர் உண்டு. திருவருகைக் காலத்துக்கும் லெந்து காலத்துக்கும் ஊதாத் துணி, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வெள்ளை, பெந்தெகொஸ்தேவுக்குச் சிவப்பு, மற்ற நாளெல்லாம் பச்சை. பலிபீடத்தில் துணியின் நிறம் மாறும்போது காலம் மாறியது என்று சிறுவயதிலேயே கற்றுக்கொண்டோம். அந்தத் துணிகளைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து மடித்து வைத்தது யார் என்று கேட்கக் கற்றுக்கொள்ளவில்லை. இந்தக் கட்டுரையில் அந்தக் காலண்டரை அம்மாவின் நோட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கப் பார்க்கிறேன். ஊரின் பெயரையும் சபையின் பெயரையும் எழுதப்போவதில்லை. இது ஒரு சபையின் கதை மட்டும் என்று யாரும் தப்பித்துக்கொள்ள வேண்டாம்.

டிசம்பரிலிருந்து தொடங்கலாம். கேரல் ரவுண்ட்ஸ் எங்கள் ஊரில் பத்து இரவுகள் நடக்கும். மேளம், கிதார், தலையில் தொப்பி, விடியும்வரை பாட்டு. பையன்கள் எல்லா வீட்டுக்கும் போவார்கள். பெண்பிள்ளைகள் ஒன்பது மணிக்குத் திரும்பிவிட வேண்டும். அம்மாவின் நோட்டில் டிசம்பர் மாதப் பக்கத்தில் பாட்டு இல்லை. சீனி, தேயிலை, சுக்கு, ஏலக்காய் என்று இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு வருகிற கேரல் குழுவுக்குச் சுக்குக் காப்பி போட எந்தெந்த வீட்டுப் பெண்கள் விழித்திருக்க வேண்டும் என்ற முறைப்பட்டியல் இருக்கிறது. மேய்ப்பர்கள் இரவில் மந்தையைக் காத்த கதையைப் பாடப் போனவர்களுக்காக இவர்கள் இரவில் அடுப்பைக் காத்தார்கள்.

கிறிஸ்துமஸ் கழிந்து நாற்பதாவது நாள், பிப்ரவரி 2. குழந்தை இயேசுவை ஆலயத்துக்குக் கொண்டுபோன நாள். அதற்குப் பழைய பெயர் மரியாளின் சுத்திகரிப்புத் திருநாள். லேவியராகமம் பன்னிரண்டாம் அதிகாரத்தின்படி ஆண்குழந்தை பெற்றவள் நாற்பது நாளும் பெண்குழந்தை பெற்றவள் எண்பது நாளும் ஆலயத்துக்குள் வரக் கூடாது. ஆங்கிலிகன் ஜெபப் புத்தகத்தில் பிள்ளை பெற்றவளைக் கோயிலுக்குள் சேர்த்துக்கொள்ளும் ஒரு தனி முறைமையே உண்டு. அது நன்றி சொல்லும் ஜெபம்தான், தீட்டு என்ற சொல் அதில் இல்லை என்பார்கள். சொல் வேண்டியதில்லை. எனக்கு மகள் பிறந்தபோது நாற்பது நாள் கழியாமல் நான் கோயில் படி ஏற முடியவில்லை. அந்த நாட்களில் வந்த புனித வெள்ளியை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒலிபெருக்கி வழியே கேட்டேன். எந்தப் போதகரும் என்னைத் தடுக்கவில்லை. தடுத்தது அம்மா. "ஊர் வழக்கம் அப்படி, சும்மா இரு" என்றாள். மாதவிடாய் நாட்களில் திருவிருந்துக்குப் போகாமல் பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த பெண்களை என் வயதில் எல்லாரும் பார்த்திருப்போம். எழுதப்படாத விதியைக் காப்பாற்ற ஆண்கள் தேவையில்லை. அதைப் பெண்களிடமே ஒப்படைத்திருக்கிறார்கள்.

லெந்து காலம் நாற்பது நாளும் மாலையில் வீட்டு ஜெபம். இறைச்சி இல்லை, கல்யாணம் இல்லை, புதுச்சேலை இல்லை. துறப்பதைப் பற்றிப் பிரசங்கம் கேட்டுக்கொண்டே இருப்போம். துறப்பதற்கு முதலில் ஏதாவது கையில் இருக்க வேண்டும். கறி தின்னாமல் இருக்கிறவர் துறக்கிறார். கறி வைத்தாலும் கடைசியில் குழம்பு மட்டும் ஊற்றிச் சாப்பிடுகிறவள் எதைத் துறப்பாள்? அம்மா அந்த நாற்பது நாளில் கைப்பிடியை இரண்டு கைப்பிடியாக்கச் சொல்லி வீடு வீடாகக் கேட்டிருக்கிறாள். நோட்டில் மார்ச் மாத அளவுகள் மற்ற மாதங்களைவிட ஏறக்குறைய இரட்டிப்பாகவே இருக்கின்றன.

பெரிய வியாழன் அன்று பாதம் கழுவும் சடங்கு. கத்தோலிக்கத் திருச்சபையில் அந்தச் சடங்கில் பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று விதியை மாற்றியது 2016 ஜனவரியில்தான். அதுவரை எழுத்துப்படி ஆண்களின் பாதங்கள் மட்டுமே. இத்தனைக்கும் சுவிசேஷங்களில் இயேசுவின் பாதங்களைக் கழுவியவர்களும் துடைத்தவர்களும் தைலம் பூசியவர்களும் பெண்கள். அவர்கள் செய்ததை அவர் தன் சீடர்களுக்குச் செய்துகாட்டினார் என்று படிக்கலாம். அப்படிப் படித்தால் அவர் பாடம் கற்ற இடம் அந்தப் பெண்களிடம். அந்தப் பிரசங்கத்தை நான் இதுவரை கேட்கவில்லை.

மறுநாள் மும்மணி ஆராதனை. பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை சிலுவையின் ஏழு வார்த்தைகளை ஏழு பேர் பேசுவார்கள். எங்கள் சபையில் ஒரு வார்த்தை பெண்கள் சங்கத்துக்கு. எப்போதும் மூன்றாவது. மரியாளையும் யோவானையும் பார்த்துச் சொன்னது. ஒரு வருடம், நான் பத்தாம் வகுப்புப் படித்தபோது, அம்மா கமிட்டி செயலாளரிடம் போய் ஐந்தாவது வார்த்தை வேண்டும் என்று கேட்டாள். தாகத்தைப் பற்றியது. அவர் சிரித்தார்.

"அக்கா, உங்களுக்கு மூணாவதுதான வழக்கம்? அதுலதான தாயைப் பத்தி வருது."

"தண்ணி சுமக்குறவளுக்குத் தெரியாத தாகமா தம்பி?" என்று கேட்டாள் அம்மா.

ஐந்தாவது ஒரு வாத்தியாருக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்றார். அம்மா மூன்றாவதையே பேசினாள். எங்கள் ஊர் தேரிமண் பூமி. கோடையில் நல்ல தண்ணீருக்கு ஒரு மைல் போக வேண்டும். புனித வெள்ளி வருவது அந்தக் கோடையில். மூன்று மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் வீட்டுக்குப் போனதும் குடிப்பதற்காக விடியற்காலையிலேயே குடம் சுமந்துவிட்டு வந்த பெண்கள் இடதுபக்கத்துத் தரையில் உட்கார்ந்து, தாகம் என்றால் ஆன்மாவின் தாகம் என்று வாத்தியார் விளக்கியதைக் கேட்டார்கள்.

சின்ன விஷயம்தான். ஆனால் விமர்சனம் என்று நான் நினைப்பது இதைத்தான். ஏழு வார்த்தைகளில் தனிமை, தாகம், மன்னிப்பு, முடிவு எல்லாம் மனிதருடையவை. தாய்மை மட்டும் பெண்ணுடையது. மனிதரின் அனுபவத்தை ஆறாகப் பிரித்து ஆண்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் ஒன்றைக் கௌரவமாகப் பெண்ணுக்கு ஒதுக்கும் ஏற்பாடு இது. கௌரவமாகக் கொடுப்பதால் மறுத்துப் பேசுவது கடினம்.

ஈஸ்டருக்கு எங்கள் ஊரில் அதிகாலை நாலரைக்கு ஆராதனை. பெண்கள் இரண்டு மணிக்கே எழுந்துவிடுவார்கள். கல்லறைக்கு முதலில் போனவர்கள் பெண்கள் என்று ஒவ்வொரு வருடமும் பிரசங்கத்தில் சொல்வார்கள். பெண்களின் பக்தி, பெண்களின் விசுவாசம் என்று பாராட்டுவார்கள். லூக்கா இருபத்துநான்காம் அதிகாரத்தில் அடுத்து என்ன நடந்தது என்பதை வேகமாகக் கடந்துவிடுவார்கள். பெண்கள் வந்து சொன்னதை அப்போஸ்தலர்கள் நம்பவில்லை, வெறும் பேச்சென்று ஒதுக்கினார்கள். அதுதான் திருச்சபையின் முதல் பிரசங்கமும் அதற்குக் கிடைத்த முதல் பதிலும். பெண்களின் பக்தியைப் பாராட்டுவது எளிது. அவர்கள் பேச்சை நம்பாமல் போன குற்றத்தைப் பிரசங்கிக்க, பீடத்தில் நிற்கிறவர் தன்னை அந்தப் பதினொருவரில் ஒருவராக வைத்துப் பார்க்க வேண்டும்.

அறுப்பின் பண்டிகைதான் எங்கள் ஊரில் பெரிய பண்டிகை. முதற்பலன் என்று வாழைத்தார், தேங்காய், கருப்பட்டிச் சிப்பம், பூசணி, கோழி, ஆட்டுக்குட்டி எல்லாம் வந்து குவியும். மதியம் ஏலம். ஒரு தேங்காய் பத்து மடங்கு விலைக்குப் போகும். ஏலத்தில் குரல் கொடுப்பவர்கள் ஆண்கள். ஏலம் எடுத்தவர் பெயரை மைக்கில் வாசிப்பார்கள், கைதட்டுவார்கள். பூசணியை வளர்த்தவள் பெயரை யாரும் வாசிப்பதில்லை. சபைக்கு விலை ஏலத்தில்தான் பிறக்கிறது. விளைச்சல் கணக்கில் வருவதில்லை.

அன்றைக்குப் பிரசங்கத்துக்குப் பெரும்பாலும் ரூத்தின் கதை. கதிர் பொறுக்கிய ஏழை விதவை, இரக்கமுள்ள போவாஸ். ஆனால் சிந்திய கதிர் போவாஸ் போட்ட பிச்சை அல்ல. வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, அது பரதேசிக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரியது என்று லேவியராகமத்திலும் உபாகமத்திலும் சட்டம் இருக்கிறது. ரூத் தன் உரிமையை எடுத்தாள். யூதர்கள் ரூத்தின் புத்தகத்தை வாசிப்பது கோதுமை அறுப்பின் திருநாளான வாரங்களின் பண்டிகையில். அங்கே அது மோவாபிய அந்நியப் பெண்ணின் கதை. நாம் அதை நிலக்காரரின் தாராள மனசின் கதையாக மாற்றிவிட்டோம். எங்கள் சபையில் வயலறுக்கும் பெண்களுக்கும் பதநீர் காய்ச்சும் பெண்களுக்கும் சொந்தமாக ஒரு செண்டு நிலம் இல்லை. அறுத்தவள் அறுப்பின் பண்டிகையில் பார்வையாளர்.

மாலையில் அசனம். தென்பகுதிச் சபைகளில் அசனம் என்றால் ஊரே சேர்ந்து உண்ணும் விருந்து. சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். அண்டாக்களில் சமைப்பவர்கள் ஆண்கள். அன்று ஒருநாள் சமையல் திருப்பணி ஆகிவிடும். தலையில் துண்டு கட்டிக்கொண்டு பெரிய துடுப்பால் கிளறுகிறவரைப் படம் எடுப்பார்கள். முந்தின நாள் முழுக்கத் தேங்காய் துருவி, வெங்காயம் உரித்து, பூண்டு தட்டி, மசாலை வறுத்தவர்கள் கோயில் வளாகத்தின் பின்புறம் இருப்பார்கள். மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாள் சமைப்பது திருப்பணி இல்லை, கடமை.

இங்கே அம்மாவின் நோட்டில் நான் எழுதத் தயங்கிய ஒரு பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு நோட்டிலும் அரிசி கொடுத்த வீடுகளின் பட்டியல் முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. தெரு வாரியாக, வீட்டுப் பெண்ணின் பெயரோடு. கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் தலைகீழாக இன்னொரு பட்டியல். "கீழத்தெரு" என்று தலைப்பு. அதில் பெண்களின் பெயர் இல்லை. வீட்டு ஆணின் பெயரும் எண்ணும் மட்டும். அந்தத் தெருவும் எங்கள் சபைதான். ஒரே பாடல், ஒரே பாத்திரத்தில் திருவிருந்து. ஆனால் அசனத்துக்கு முந்தின நாள் தேங்காய் துருவ அவர்களை அழைத்ததில்லை. மறுநாள் அண்டா கழுவ அழைப்பார்கள். அவர்கள் வீட்டு அரிசியைத் தனியாக வாங்கி, தனியாக அளந்து, பிறகுதான் கலந்திருக்கிறார்கள். கடையில் விற்கும்போது எல்லாம் கலப்பரிசி. நோட்டில் மட்டும் கலக்கவில்லை.

அந்தக் கையெழுத்து அம்மாவுடையது. ஐந்தாவது வார்த்தையைக் கேட்டு நின்ற அதே கை. கமிட்டி ஆண்கள் அவளைப் பின்பக்கத்தில் வைத்தார்கள் என்று எழுதத் தொடங்கியவள் நான். அவள் யாரைப் பின்பக்கத்தில் வைத்தாள் என்பதையும் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை இன்னொரு ஏலம்தான். சபைப் பெண்களின் உழைப்பு என்று பொதுவாகச் சொல்லும்போது அந்தப் 'பெண்கள்' என்ற சொல்லுக்குள் ஒரு கடைசிப் பக்கம் இருக்கிறது. தலித் பெண்கள் இதை நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். எனக்கு அதைப் படிக்க என் வீட்டு நோட்டு தேவைப்பட்டது.

காணிக்கைக்கு என்று ஒரு பிரசங்கம் உண்டு. ஏழை விதவையின் இரண்டு காசு. மாற்கு பன்னிரண்டாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி. அம்மாவுக்கு மனப்பாடம். கைப்பிடி அரிசி கேட்டுப் போகும் வீடுகளில் அவள் சொன்ன கதையும் அதுவே. அந்தப் பகுதியை எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறார்கள் என்று பாருங்கள். அதற்குச் சற்று முந்தின வசனத்தில்தான் நீண்ட ஜெபம் செய்துகொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகர்களை இயேசு கண்டிக்கிறார். அது முடிந்து பதின்மூன்றாம் அதிகாரம் தொடங்கியதும், இந்த ஆலயத்தில் கல்லின்மேல் கல் நிற்காது என்கிறார். நடுவில் ஒரு விதவை தன்னிடமிருந்த எல்லாவற்றையும் அந்த ஆலயத்தின் பெட்டியில் போடுகிறாள். அவர் அவளைப் புகழ்ந்தாரா, அவளிடமிருந்து அதைக்கூட உருவிக்கொண்ட ஏற்பாட்டைக் காட்டினாரா? முன்னும் பின்னும் சேர்த்துப் படித்தால் இரண்டாவது கேள்வியைத் தவிர்க்க முடியாது. வெட்டிப் படித்தால் முதலாவது மட்டும் மிஞ்சும். நாங்கள் வெட்டிப் படித்துத்தான் அரிசி சேர்த்தோம்.

அதே மாற்கில் இரண்டு அதிகாரம் தள்ளி, இயேசுவின் தலையில் தைலம் ஊற்றிய பெண் வருகிறாள். சுவிசேஷம் சொல்லப்படும் இடமெல்லாம் இவள் செய்தது இவள் நினைவாகச் சொல்லப்படும் என்கிறார் அவர். மாற்கு அவளுடைய பெயரை எழுதவில்லை. நினைவுகூர வேண்டும் என்ற கட்டளை இருக்கிறது, நினைவுகூரப் பெயர் இல்லை. எலிசபெத் ஷூஸ்லர் ஃபியோரன்சா தன் நூலுக்குத் தலைப்பை அந்த வசனத்திலிருந்துதான் எடுத்தார். கிறிஸ்தவத்தின் தொடக்கத்தைப் பெண்களின் வரலாறாகத் திரும்ப எழுதிய அந்த நூல் வெளிவந்தது 1983இல். அம்மாவின் முதல் நோட்டும் அதே வருடம்தான். அம்மாவுக்கு அவரைத் தெரியாது. அவள் பெயர்களை எழுதிவைத்தாள். பாதிப் பெயர்களை.

எங்கள் வட்டாரத்துச் சபை வரலாறே ஒரு பெண்ணிடமிருந்துதான் தொடங்குகிறது. கிளாரிந்தா, தஞ்சையிலிருந்து வந்த மராத்தியப் பிராமண விதவை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தார் என்பதால் அவருக்கு முதலில் ஞானஸ்நானம் மறுக்கப்பட்டது. அந்த அதிகாரி இறந்த பிறகு 1778இல் ஷ்வார்ட்ஸ் பாளையங்கோட்டையில் கொடுத்தார். அவர் முன்னின்று கட்டிய கோயில் 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அது இன்றும் நிற்கிறது. ஊர் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று அழைக்கிறது. கோயில் கட்டியவளின் சாதி நிலைத்தது. பெயரை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருமணமில்லாத உறவுக்காக அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த உறவில் பாதியான அதிகாரியை எந்தச் சபை காத்திருக்க வைத்தது?

மிசோரமில் கைப்பிடி அரிசிக்குப் புஹ்ஃபாய் தாம் என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்கள் தொடங்கியது. ஊழியப் பணிக்கு அங்கே அது இன்றும் பெரிய வருமானம். அத்தனை அரிசி சேர்த்த பெண்களுக்கு அங்கே பிரஸ்பிட்டேரியன் சபையில் நெடுங்காலம் குருப்பட்டம் மறுக்கப்பட்டது. நம் பக்கத்தில், 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் முதல் பெண் 1976இல் குருவானவரானார். முதல் பெண் பேராயர், நந்தியால் பேராயத்துக்கு ஈ. புஷ்பா லலிதா, 2013இல் வந்தார். இவை பெரிய மாற்றங்கள், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பீடத்தில் ஒரு பெண் நிற்பதும் பின்கட்டில் கணக்கு மாறுவதும் ஒன்றல்ல. போதகரின் மனைவி என்ற ஒரே காரணத்தால் எங்கள் சபையில் பெண்கள் சங்கத் தலைவியாகிவிடும் ஐயரம்மாவுக்குச் சம்பளம் இல்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் இல்லை. அவருடைய உழைப்பு எந்த மாற்றத்தின் கணக்கிலும் வரவில்லை.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். அவளைப் பாவப்பட்டவளாக எழுதினால் அது பொய். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் கணக்கு எழுதக் கற்றுக்கொண்டது சங்கத்தில். முதன்முதலில் மைக்கைப் பிடித்தது சங்கத்தில். மாதம் ஒருமுறை யாரிடமும் காரணம் சொல்லாமல் ஊர் முழுக்கச் சுற்றிவர அவளுக்கு இருந்த ஒரே அனுமதிச்சீட்டு அந்த ஓலைப்பெட்டி. எந்த வீட்டில் அடி விழுகிறது, எந்த வீட்டில் உலை ஏறவில்லை, எந்தப் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டவில்லை என்று பெட்டியோடு போனவர்களுக்குத் தெரியும். நோட்டில் சில இடங்களில் வரவைவிட ஒப்படைத்தது குறைகிறது. ஓரத்தில் சின்னதாக 'தேவை' என்று மட்டும் எழுதியிருக்கிறாள். ஒரு வரிசையில் என் சித்தியின் பிரசவ மாதம் இருக்கிறது. இன்னொன்றில் கணவன் விட்டுப்போன ஒரு பெண் ஊரைவிட்டுக் கிளம்பிய மாதம். கமிட்டிக்குத் தெரியாமல் அரிசி சில வீடுகளுக்குத் திரும்பிப் போயிருக்கிறது. சிந்திய கதிரைப் பற்றிய சட்டம் அந்த ஓரக்குறிப்பில் நிறைவேறியிருக்கிறது.

மார்ச் மாத முதல் வெள்ளி உலக ஜெப நாள். ஒவ்வொரு வருடமும் ஒரு நாட்டுப் பெண்கள் எழுதும் ஆராதனை முறைமையை உலகெங்கும் பெண்கள் நடத்துவார்கள். 2024இல் பாலஸ்தீனப் பெண்கள் எழுதியது. காஸாவில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. எங்கள் சபையில் மாலை மூன்று மணிக்குப் பதினெட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு பகுதியை வாசித்தாள். அன்று பீடம், பிரசங்கம், காணிக்கை எல்லாம் பெண்களே. எதுவும் இடிந்து விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாம் பழையபடி ஆயிற்று. வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் இத்தனை எளிதாக நடக்கிற ஒன்று மற்ற நாளில் ஏன் முடியாது என்று அன்று திரும்பி வரும்போது கேட்டேன். "மத்த நாள் ஆம்பளைங்க வருவாங்கல்லா" என்றாள்.

கோயில் முகப்பில் ஒரு சலவைக்கல் இருக்கிறது. கோபுரம் புதுப்பித்தபோது வைத்தது. நன்கொடையாளர் இருபத்தாறு பேர், எல்லாம் ஆண்கள். இறந்துபோன மனைவியின் நினைவாக ஒருவர் கொடுத்திருக்கிறார். அந்த மனைவியின் பெயர் மட்டுமே கல்லிலுள்ள பெண் பெயர். அம்மாவின் நோட்டில் அதே வருடம் கோபுர வேலைக்கென்று பெண்கள் சங்கம் மூன்று தவணையாகக் கொடுத்த பணம் எழுதியிருக்கிறது. கல்லிலுள்ள முதல் ஐந்து பெயர்களைத் தவிர மற்ற எவரும் கொடுத்ததைவிட அது அதிகம். கல் வைத்த அன்று அம்மா அதற்குப் பூமாலை கட்டிக் கொடுத்தாள்.

போன மாதம் ஐயரம்மா போனில் கூப்பிட்டார். "அம்மா இடத்துல நீங்கதான் வரணும் அக்கா, பெட்டி சும்மா கெடக்கு" என்றார். விட்டுவிட்டுப் போவது எனக்கு எளிது. நான் டவுனில் இருக்கிறேன், சம்பளம் வாங்குகிறேன், ஞாயிறு காலையில் வேறு வேலை இருக்கிறது. ஆனால் நான் போனாலும் அரிசி சேரும், அண்டா கழுவப்படும். நான் ஐயரம்மாவிடம் மூன்று விஷயம் சொன்னேன். அறுப்பின் பண்டிகையில் ஏலத்துக்கு முன்னால் அந்த வருடத்து அரிசிக் கணக்கைப் பெயரோடு பீடத்திலிருந்து வாசிக்க வேண்டும். புது நோட்டில் கடைசிப் பக்கம் என்று ஒன்று இருக்கக் கூடாது, எல்லாப் பெண்களின் பெயரும் அகரவரிசையில் ஒரே பட்டியலாக வர வேண்டும், சங்கத்தின் பொறுப்புகளும் அந்தப் பட்டியலிலிருந்தே வர வேண்டும். புனித வெள்ளியில் ஏழு வார்த்தைகளுக்கும் சீட்டுப் போட வேண்டும்.

முதலாவதையும் மூன்றாவதையும் ஐயாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இரண்டாவதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது பெண்கள் சங்கத்துலயே பிரச்சினை ஆகும் அக்கா" என்றார். ஆகும். ஆண்களிடம் கேட்க வேண்டியவை இரண்டு, நமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று. கடினமானது எது என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

போன வாரம் கீழத்தெருவுக்குப் போனேன். எண்களை வைத்து வீடு வீடாகக் கேட்டுப் பெயர்களை எழுதினேன். இரண்டு வீட்டில், இத்தனை வருடம் கழித்து இப்போது எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒரு பெரியம்மை தன் பெயரைச் சொல்லவில்லை. கணக்கு வாசிக்கிற அன்றைக்கு வந்து கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாள். அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

ஐயரம்மாவிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. என் அடுக்களையில் ஒரு தூக்குவாளியில் தினமும் ஒரு கைப்பிடி அரிசி போட்டு வருகிறேன். இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லை. தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.